ஒரு பாட்டுக்கு இரு தராசு

திருவனந்தபுரத்தில் திரைப்படக் கலை பற்றிப் பேசுவோர்க்குப் பஞ்சமில்லை. டிசம்பர்தோறும் நிகழும் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின்போது டாகூர் திரையரங்கின் முற்றத்தில் சற்று நேரம் நின்றால் போதும். ஓர் இயக்குநரின் பெயரோ ஒரு கோட்பாட்டாளரின் பெயரோ காதில் விழாமல் பத்தடி நடக்க முடியாது. அப்பேச்சுகளில் ஹாலிவுட்டின் பழைய இசைப்படங்களுக்கு மதிப்பானதோர் இடம் உண்டு. 'சிங்கிங் இன் த ரெயின்' (1952) என்று சொன்ன மாத்திரத்தில் கண்கள் மலர்கின்றன. ஃபிரெட் அஸ்டேரின் கால்களையும் ஜூடி கார்லண்டின் குரலையும் பற்றி ஆராய்ச்சி மாணவர்கள் மணிக்கணக்கில் உரையாடுகின்றனர். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) பாடல்களைப் பாடாத ஆங்கிலவழிப் பள்ளி இந்நகரில் அரிது.

இந்தப் பிரியத்தில் குற்றம் ஏதுமில்லை. அப்படங்கள் அதற்குத் தகுதியானவையே. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. இதே அன்பர்களிடம் எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் பெயரைச் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை தோன்றுகிறது. பாட்டனாரின் மூக்குப்பொடி டப்பாவைப் பெட்டியின் அடியில் கண்டெடுத்தவரின் புன்னகை அது. 'அந்தக் காலத்துப் படங்கள் முழுக்கப் பாட்டுதானே' என்ற ஒரு வாக்கியத்தோடு 1931 முதல் ஏறத்தாழ 1950 வரையிலான தமிழ்த் திரையின் முதல் இருபது ஆண்டுகள் மூடி வைக்கப்படுகின்றன.

ஒரு கதைமாந்தர் பேச்சை விடுத்துப் பாட்டுக்குத் தாவுவது அமெரிக்கப் படத்தில் நிகழ்ந்தால் அதற்கு 'வகைமையின் மரபு' என்று பெயர். தமிழ்ப் படத்தில் நிகழ்ந்தால் 'கதையை நிறுத்தும் பாட்டு' என்று பெயர். அங்கே நாடகமேடையின் தொடர்ச்சி 'பிராட்வேயின் மரபுரிமை'. இங்கே அது 'நாடகத்தனம்'. மொழியியல் பயின்றோர்க்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஒரே ஒலிமாற்றத்தை மேட்டுக்குடியினர் செய்தால் நாகரிகம் என்றும், உழைப்போர் செய்தால் கொச்சை என்றும் பெயரிடும் பழக்கம் எல்லா மொழிச் சமூகங்களிலும் காணப்படுவது. அத்தகைய பெயரீடுகள் மொழியைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை, பெயரிடுவோரின் இருப்பிடத்தையே தெரிவிக்கின்றன என்று முதலாமாண்டு வகுப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தைத் தேர்வறையிலேயே விட்டுவிட்டு வருவோர் பலர்.

இரு தராசையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்கலாம். 1944ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் 'கவர் கேர்ள்' வெளிவந்தது. அதில் ஜீன் கெல்லி இரவுத் தெருவில் ஒரு கடையின் கண்ணாடியில் தம் பிம்பத்தைக் காண்கிறார். பிம்பம் வெளியே குதித்து அவரோடு ஆடுகிறது. ஒரே மனிதரை இருவராக்கிய அந்தப் படப்பிடிப்பு நுட்பம் இசைப்பட வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறும். அதே 1944இல் கோவையின் பட்சிராஜா நிறுவனத்தார் 'ஜகதலப்பிரதாபன்' என்னும் படத்தை வெளியிட்டனர். அதில் ஒரு சின்னப்பா பாடுகிறார். ஏனைய சின்னப்பாக்கள் அதே சட்டகத்தில் அமர்ந்து அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கின்றனர். ஒரு கச்சேரி மேடை முழுவதையும் ஒரே மனிதர் நிரப்புகிறார். அஸ்டேர் பல அஸ்டேர்களோடு ஆடிய 'ப்ளூ ஸ்கைஸ்' வந்தது அதற்கு ஈராண்டு கழித்து, 1946இல். முந்தியவர் யார் என்ற பந்தயம் இங்கு வேண்டியதில்லை. ஊமைப்பட நாளிலேயே, 1921இல், பஸ்டர் கீட்டன் ஒரு வாத்தியக்குழு முழுவதுமாகத் தாமே தோன்றிவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இரு காட்சிகள் ஒரே ஆண்டில் இரு கண்டங்களில் எடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது, மற்றொன்று நகைச்சுவைத் துணுக்கில் இருக்கிறது. இந்த இடைவெளிக்கு அழகியல் காரணம் ஏதேனும் உண்டா என்பதே கேள்வி.

அதே ஆண்டின் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்பது ஹரிதாஸைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. எல்லோரும் அத்தோடு நிறுத்திக்கொள்ளும் செய்தியும் அதுவே. போரும் பங்கீடும் விலையேற்றமும் நெருக்கிய ஆண்டுகளில், ஒரு நகரத்து மக்கள் ஒரே பாட்டை மீண்டும் மீண்டும் கேட்கக் காசு கொடுத்து வரிசையில் நின்றனர். அவர்கள் எதைக் கேட்க வந்தனர்? ரிச்சர்ட் டயர் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், இசைப்படங்கள் சமூகத்தில் இல்லாதவற்றையே உணர்வுருவில் தருகின்றன என்றார்: பற்றாக்குறைக்கு எதிரே நிறைவு, சோர்வுக்கு எதிரே ஆற்றல், தனிமைக்கு எதிரே கூட்டுறவு. அக்கட்டுரையைப் படிக்காத பண்பாட்டு ஆய்வு மாணவர் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பிராட்வே திரையரங்கின் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்று தோன்றியவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்க இசைப்படங்களும் ஒரு காலத்தில் வெறும் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கப்பட்டன. அவற்றின் மீது பிரியம் கொண்ட சிலர் அந்தப் பிரியத்தை மறைக்காமல், அதையே கேள்வியாக மாற்றினர். டயரின் கட்டுரையைத் தொடர்ந்து ஜேன் ஃபாயரின் நூல் 1982இலும் ரிக் ஆல்ட்மனின் நூல் 1987இலும் வந்தன. உழைத்துப் பழகிய ஆட்டத்தை அப்போதே பொங்கி வந்ததுபோல் காட்டுவது எப்படி என்று ஃபாயர் வினவினார். கதை ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இரு இணைகோடுகளாக வைத்துப் பின்னப்படுவதை ஆல்ட்மன் விளக்கினார். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2022இல் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 'சிங்கிங் இன் த ரெயின்' பத்தாமிடம் பெற்றதற்குப் பின்னால் இத்தகைய உழைப்பு நிற்கிறது. ஒரு படத்தைச் செவ்வியலாக்குவதில் காலத்துக்கு உள்ள பங்கைவிட அதைப் பார்த்து, பாதுகாத்து, வாதிட்டு எழுதுவோருக்கு உள்ள பங்கு பெரிது.

தமிழில் அப்படி உழைத்தவர் எவருமில்லை என்று சொல்வது நன்றியின்மை. தியடோர் பாஸ்கரன் 1981இலேயே நாடகமேடையையும் தொடக்ககாலத் திரையையும் தேசிய இயக்கத்தோடு இணைத்து எழுதினார். ஸ்டீபன் ஹியூஸ் நாடகம், கிராமபோன் தட்டு, பேசும்படம் ஆகிய மூன்றும் ஒரே இசை வணிகத்தின் கிளைகளாக இயங்கியதை 2007இல் ஆராய்ந்தார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராகத் தகவல் திரட்டினார். ஆயினும் பல்கலைக்கழகங்களில் தமிழ்த் திரை ஆய்வு என்பது பெரும்பாலும் 'பராசக்தி'யில் (1952) தொடங்குகிறது. வசனம் வந்த பிறகே அரசியல் வந்தது என்றும், அரசியல் வந்த பிறகே ஆய்வுக்குப் பொருள் வந்தது என்றும் கொள்ளப்படுகிறது. பாடியோரின் காலம் ஒரு முன்னுரைப் பத்தியாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தப் பத்தியில் தொலைந்து போவது என்ன? முதலில், குரல் பற்றிய கேள்வி. 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தின் கதையே இரவல் குரலைப் பற்றியது. லீனா லமாண்ட் என்னும் நட்சத்திரத்துக்குக் கேத்தி என்னும் பெண் திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுக்கிறாள். இறுதியில் திரை விலகுகிறது, உண்மை வெளிப்படுகிறது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அப்படத்தில் கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாடலில் பெட்டி நாய்ஸ் என்பவர் குரல் கொடுத்தார். இரவல் குரலைக் கண்டிக்கும் படமே இரவல் குரலில் பாடியது. 'த கிங் அண்ட் ஐ' (1956), 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961), 'மை ஃபேர் லேடி' (1964) ஆகிய மூன்றிலும் நாயகியருக்காகப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயர் அப்படங்களின் எழுத்துப் பட்டியலில் இல்லை. இவையெல்லாம் இந்நகரத்து ஹாலிவுட் அன்பர்கள் சுவையோடு சொல்லும் செய்திகள்.

பாடுபவரும் நடிப்பவரும் ஒருவரே என்பது தொடக்ககாலத் தமிழ்த் திரையில் ஓர் ஒப்பந்தமாக இருந்தது. படப்பிடிப்பிலேயே குரலும் பதிவான நாட்களில், வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணுக்கு அப்பால் மறைந்திருந்து வாசிக்க, நடிகர் அங்கேயே பாடினார். சுந்தராம்பாளின் உயர்ந்த சுருதி, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசையை எட்டுவதற்காக அமைந்த குரல். அக்குரலோடுதான் அவர் 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் தோன்றினார். ஒரு பெண்ணின் உடல், ஓர் ஆணின் வேடம், ஒரு தலித் அடியாரின் கதை, மேடை பழக்கிய ஒரு குரல் ஆகிய நான்கும் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. பாலினமும் நிகழ்த்துதலும் பற்றி ஆய்வேடு எழுதுவோர் இதைவிடச் செறிந்த எடுத்துக்காட்டை எங்கே தேடுகிறார்கள்?

பின்னணிப் பாடல் வந்தபின் அந்த ஒப்பந்தம் கலைந்தது. பாடத் தெரியாதவரும் நடிக்கலாம் என்றாயிற்று; நடிக்க வராதவரும் பாடிப் புகழ் பெறலாம் என்றாயிற்று. இது இழப்பு மட்டுமன்று, விடுதலையும் ஆகும். எனினும் கலைந்தது இன்னதென்று அறியாமல் பின்னே வந்ததை விளக்க முடியாது. இந்தியில் 'மஹல்' (1949) படத்தின் புகழ்பெற்ற பாடல் முதலில் இசைத்தட்டில் வந்தபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கதாபாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதே இருந்தது. லதா மங்கேஷ்கரின் பெயர் பின்னரே வெளியில் தெரிந்தது. அமெரிக்கா பாடுவோரின் பெயரை மறைத்தே வைத்திருந்தது. இந்தியா அதைச் சுவரொட்டியில் ஏற்றியது. இவ்விரு பாதைகளும் ஏன் பிரிந்தன என்ற கேள்விக்கு விடை பாகவதரின் காலத்தில் இருக்கிறது. குரலுக்காகவே படம் பார்க்கப் பழகிய மக்கள், குரல் உடலிலிருந்து பிரிந்த பின்னும் அதன் உரிமையாளரைக் கேட்டறிந்தனர்.

இரண்டாவது இழப்பு மொழி பற்றியது. 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளியானதிலிருந்து இருபதாண்டுக் காலம் தமிழ் மனிதர்கள் பேசியும் பாடியும் பதிவானார்கள். படங்களில் எஞ்சியவை சிலவே. இசைத்தட்டுகளில் எஞ்சியவை அவற்றினும் மிகுதி. உயிரொலியை நீட்டிப் பாடும்போது ஈற்றுக் குற்றியலுகரம் என்னவாகிறது, ழகரத்தை மதுரைக் கம்பெனி நடிகர் எப்படி ஒலித்தார், தஞ்சைக்காரர் எப்படி ஒலித்தார் என்பனவற்றுக்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. ஒரே ஹரிதாஸில் நாயகன் வடசொல் விரவிய உயர்நடையில் பாடுகிறான், என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தெருப்பேச்சில் மறுமொழி தருகின்றனர். இரட்டை வழக்கு பற்றிச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொட்டகை நிறைந்த மக்கள் அதே இரட்டை வழக்கைக் கேட்டுச் சிரித்ததை அறிய வேண்டாமா? கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். பிறப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தவர். அவர் பேச்சில் ஒலிக்கும் நாஞ்சில் நாடு இந்நகரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று மீளும் தொலைவில் உள்ளது.

இவ்விடத்தில் திருவனந்தபுரத்தின் தனிப் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வுப்பொருள் இந்நகருக்கு அயலூர்ச் சரக்கன்று. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' இங்கே எழுதப்பட்டது. அதன் பாயிரப் பகுதி தமிழ்த்தாய் வாழ்த்தாகித் தமிழ்நாட்டில் அன்றாடம் ஒலிக்கிறது. மேடைக்கென்று அல்லாமல் படிப்பதற்கென்று எழுதப்பட்ட அந்தச் செய்யுள் நாடகத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் 'மனோன்மணி' என்ற படமாக்கியது, சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தனர். ஆசிரியப்பாவில் நடந்த நாடகம், பாடும் நட்சத்திரத்தின் வாய்க்கு வந்தபோது என்ன ஆயிற்று? எந்த அடிகள் வசனமாயின, எந்த இடங்களில் கீர்த்தனை நுழைந்தது? மனோன்மணீயத்தைப் பற்றி எழுந்த ஆய்வேடுகள் ஒரு நிலைப்பேழையை நிரப்பும். லிட்டன் பிரபுவின் மூலக்கதையோடு ஒப்பிடுவோர் அவற்றில் உண்டு, சேலத்தோடு ஒப்பிடுவோர் அரியர்.

பாகவதர் பாடிய பாடல்கள் பலவற்றை இயற்றிய பாபநாசம் சிவன் தம் இளமையைக் கழித்ததும் இந்நகரில்தான். இங்குள்ள மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் பயின்று பட்டம் பெற்றவர் அவர். பின்னாளில் ஒரு சமஸ்கிருத அகராதியையும் தொகுத்தார். கரமனை நீலகண்ட சிவனின் பஜனை மரபு அவரை உருவாக்கியவற்றுள் ஒன்று. ஓர் இலக்கணப் பட்டதாரி திரைப்பாட்டு எழுதினார் என்ற ஒரு செய்தியே மொழியியலாரைத் தூண்டப் போதுமானது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அதே மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. அதற்கும் முன்னரே தமிழ்ச் சங்கீத நாடகக் குழுக்கள் திருவிதாங்கூர் எங்கும் கொட்டகை போட்டு ஆடின. அவற்றின் செல்வாக்கில் எழுந்த மலையாள இசைநாடகங்களுள் கே.சி. கேசவ பிள்ளையின் 'சதாராமா' (1903) பெயர்பெற்றது. மலையாளத்தவரும் தமிழரும் ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு வரலாறு இங்கே இருக்கிறது. அதை மொழிவாரித் துறைகளின் மதில் இரண்டாகப் பிளந்து, இரு பக்கத்தாருக்கும் உரியதல்லாததாக்கிவிட்டது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றுள் ஒன்று கனமானது. இப்படங்கள் பக்தியின் பெயரால் சாதியையும் கணவன் வழிபாட்டையும் போற்றுகின்றன, கணிகையைப் பழிக்கின்றன, பெற்றோரைப் பேணாதவனின் கால்களைப் பறித்துப் பாடம் புகட்டுகின்றன என்பது அவ்வாதம். அது உண்மை. ஹரிதாஸைக் கண்டவர் எவரும் மறுக்க இயலாது. ஆனால் 'த ஜாஸ் சிங்கர்' (1927) படத்தில் அல் ஜோல்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிறார். 'ஹாலிடே இன்' (1942) படத்தில் பிங் கிராஸ்பியும் அவ்வாறே தோன்றுகிறார். அதைக் காரணம் காட்டி எவரும் அமெரிக்க இசைப்படத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கவில்லை. அதனாலேயே அப்படங்கள் கூடுதலாகப் பார்க்கப்பட்டன, கூடுதலாக எழுதப்பட்டன. கண்டனத்துக்கும் காட்சி வேண்டும். பாராமல் ஒதுக்குவது விமர்சனம் ஆகாது. அது விமர்சனத்தின் உடையணிந்த சோம்பல்.

பாகவதர் நடிக்கத் தெரியாதவர் என்பது மற்றொரு வாதம். நெல்சன் எடியை மரக்கட்டை என்று ஏளனம் செய்தோர் அமெரிக்காவிலும் இருந்தனர். ஜெனட் மெக்டொனால்டுடன் அவர் பாடிய படங்கள் அதனால் ஆய்வுக்கு அயலாகிவிடவில்லை. அசையாது நின்று பாடும் உடலும் ஒரு நடிப்பு முறைதான். கச்சேரி மேடையும் ராஜபார்ட் மரபும் கலந்து அதை உருவாக்கின என்று விளக்குவது ஆய்வாளரின் வேலை.

மறுபக்கத்தில் நிற்கும் அன்பர்களையும் விட்டுவிடலாகாது. 'அது பொற்காலம், அதுபோல் இனி வராது' என்று ஆண்டுதோறும் மாலையிட்டுக் கலையும் கூட்டங்கள் இந்த மரபுக்குச் செய்யும் தீங்கு குறைவன்று. பாகவதரின் பட்டுச் சட்டை, வைரக் கடுக்கன், தங்கத் தட்டு, லட்சுமிகாந்தன் வழக்கு, இறுதி வறுமை என்ற ஐந்து செய்திகளுக்குள் ஒரு கலைஞரை அடைத்துவிட்டால் பாட்டுக்கு இடமிராது. பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சாதியுணர்வு மிகுந்த இசையுலகின் மொழியைத் தம் தொண்டையில் ஏற்று, அதைச் சபாக்களுக்கு வெளியே திருவிழாத் திடல்களுக்கும் டூரிங் கொட்டகைகளுக்கும் கொண்டுசென்றார் என்பதில் இருக்கும் வரலாறு வைரக் கடுக்கனில் இல்லை. புன்னகைத்து ஒதுக்குவோரும் கண்ணீர் வடித்துப் போற்றுவோரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருவருமே படத்தைப் பார்ப்பதில்லை.

பார்க்க இயலாத நிலையும் நெருங்கிவிட்டது. 'காளிதாஸ்' இல்லை. 'பாலன்' இல்லை. இந்நகரத்துக் கேபிடல் கொட்டகையில் திரையிடப்பட்ட ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' இல்லை. எஞ்சியிருப்பவை பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பழுதுபட்ட சில பிரதிகளும். காலணா, அரையணாவுக்கு விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்கள் மலிவான தாளில் அச்சானவை, தொட்டால் ஒடிபவை. ஆய்வுக்குத் தகுதியற்றது என்று ஒரு துறை இன்று சொல்லும் சொல், பத்தாண்டு கழித்து 'ஆய்வுக்குச் சான்று இல்லை' என்ற சொல்லாக மாறும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஹாலிவுட் இசைப்படம் கற்பிக்கப்படும் ஒவ்வொரு தாளிலும் பாடும் நட்சத்திரக் காலத்துத் தமிழ்ப் படம் ஒன்றையேனும் அதே கருவிகளோடு வைத்துக் கற்பிக்கலாம். பாட்டுப் புத்தகங்களை உள்ளூர் வீடுகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் படியெடுத்துப் பட்டியலிடலாம். இசைத்தட்டுப் பதிவுகளை ஒலியியல் ஆய்வுக்குரிய தரவுத் தொகுதியாக்கலாம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. வெட்கம் விட்டால் போதும்.

அதற்கு முன்னோடியும் இதே ஊரில் பிறந்தவர்தான். 1940களில் திருவனந்தபுரத்துக் கொட்டகையின் மணல்தரையில் உட்கார்ந்து, கே. சுப்பிரமணியத்தின் 'அனந்தசயனம்' போன்ற புராணப் படங்களைக் கண்டு மயங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான். இன்றைய அறிஞர்கள் எள்ளி நகைக்கும் அதே வகைப் படங்கள் அவை. அந்தச் சிறுவனே பின்னாளில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர். இன்று கைக்கு எட்டும் பழைய இந்தியப் படங்களில் பெரும்பகுதி அந்த மயக்கத்தின் பயன். மணல்தரையின் பிரியத்துக்கு அவர் நாணியிருந்தால், அதை மட்டமான ரசனை என்று மறைத்திருந்தால், நாற்காலியில் சாய்ந்து செவ்வியல் பேசுவோர்க்குப் பேசுபொருளே எஞ்சியிராது.